அப்பா மறுத்த கடிதம்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் கபோ சந்தையில் அவித்த பீட்ரூட்டின் வாசனை மூக்கில் ஏறியதும் அப்பாவின் வேலைச்சட்டை நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் அவர் கோடைதோறும் அந்நாட்டின் வடக்கே போய், பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் ஆலையில் வேலைசெய்தார். எனக்கு ஒன்பது வயதானபோது, வெளியிலிருந்து மலிவாகச் சீனி வருகிறதென்று முதலாளி ஆலையை மூட முடிவெடுத்தார். தொழிலாளர்கள் வாசலை மறித்தார்கள். உள்ளே வந்து இயந்திரங்களைக் கழற்றினால், வதிவிட அனுமதியான பெர்மெசோவுக்குத் தேவையான வேலைக் கடிதம் தருவதாக அப்பாவிடம் முதலாளி சொன்னார்.

சீசா பகுதியிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து அம்மா அப்பாவுடன் தொலைபேசியில் பேசினார்.

“இஞ்சேருங்கோ, கடிதம் இல்லாட்டி பெர்மெசோ கிடைக்காது.”

“ஓம். ஆனா, என்னோட நிண்டவங்களைத் தாண்டி உள்ளுக்கை போகமாட்டன்.” அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

“அப்ப போகாதேங்கோ. இஞ்சை நான் பாக்கிறன்.”

ஆலை மூடப்பட்டது. அம்மா தான் வேலைசெய்த வீட்டு எசமானியான சிஞ்ஞோராவிடம் கடிதம் வாங்கி, அனுமதி வழங்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்துராவில் மூன்று நாள் வரிசையில் நின்று, மூவருக்கும் பெர்மெசோ எடுத்தார். அப்பா அந்த முதலாளியின் கடிதத்தை மறுத்ததற்காக எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வருந்தியதில்லை.