ஒன்றரை இன்ச்

ப்ளஸ் என்றால் சக்கரம் உள்ளே போகுமாம், மைனஸ் என்றால் வெளியே வருமாம். எந்தப் புண்ணியவான் இப்படி வைத்தானோ! ப்ளஸ் என்றால் கூடுவது, கூடினால் வெளியேதானே துருத்த வேண்டும்? கோவில்பட்டி பைபாஸில் டயர்க்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்துவைத்து, அதுதான் சக்கரம் என்று சொல்லி, ஆப்செட் என்கிற இந்தக் கணக்கை மூன்று தடவை விளக்கினார். மூன்று தடவையும் தலையை ஆட்டினேன். பசுவந்தனைக்குப் பிரியும் இடம் வருவதற்குள் எல்லாம் மறந்துவிட்டது.

என்னிடம் இருப்பது சின்ன பிக்கப் வண்டி. உளுந்து, வத்தல், பருத்தி, உர மூட்டை, என்ன கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் ஓடுகிறேன். காலையில் போகும்போது என் மனைவியும் கூட வருவாள். கோவில்பட்டியில் அவளுக்குத் தையல் கடை இருக்கிறது. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பாள். வண்டியில் அவள் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. ஊன்றுகோலை உள்ளே போடுவாள், வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்புவாள், வலது கால் பெருவிரலில் எம்பி சீட்டு விளிம்பில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். யாரும் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பிடிக்காது. இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், டயர் வாங்கிய அந்த ஒரு மாதமும் இது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

எனக்கு ஞாபகத்தில் இருந்ததெல்லாம் போன ஐப்பசி மழைதான். உர மூட்டையோடு ஒரு காட்டுப் பாதையில் இறங்கிவிட்டேன். கரிசல் மண் நனைந்தால் தெரியாதா? டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. கம்பை விட்டுக் குத்திக் குத்தி மண்ணை எடுத்தேன். எடுத்தால் நாலு அடி நகரும், மறுபடியும் அடைக்கும். கடைசியில் டிராக்டர் வந்து இழுத்தது. அந்த டிராக்டர்க்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே வீலும் டயரும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்த பிறகுதான் பைத்தியம் பிடித்தது. டயரின் பக்கவாட்டில் 195/80 R15 என்று எழுதியிருக்கிறது. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். நடு எண் சதவீதம், அதாவது அந்த அகலத்தில் எத்தனை பங்கு டயரின் சுவர் உயரம் என்று. கடைசி எண் வீலின் விட்டம், இன்ச்சில். ஒரே வரியில் மூன்று கணக்கு! ஜவுளிக்கடையில் போய் அகலம் மில்லிமீட்டரில், பார்டர் சதவீதத்தில், நீளம் இன்ச்சில் ஒரு சேலை கொடுங்கள் என்று கேட்டால் நம்மை என்ன நினைப்பார்கள்?

இடைசெவலில் இருக்கும் என் தங்கை மாப்பிள்ளை சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவர். அவரிடம் போனில் கேட்டேன்.

“மச்சான், கரிசலுக்கு ஒல்லி டயருதான். மண்ண வெட்டிக்கிட்டு அடித்தரைய பிடிச்சிரும். அகல டயரு போட்டா மண்ண அள்ளி மடியில கட்டிக்கிட்டு வரும்.”

சரி என்று டயர்க்கடைக்குப் போனால், அங்கே வேறு பாட்டு.

“ஒல்லி டயரா? யாரு சொன்னது அண்ணாச்சி? முங்கிரும். நல்லா அகலமாப் போட்டு வீல வெளிய தள்ளிட்டீங்கன்னா மட்கார்டுல மண்ணு அடைக்காது. வண்டி மிதந்து போகும்.”

இரண்டு பேரும் சத்தியம் செய்கிற மாதிரிப் பேசுகிறார்கள். யாரை நம்ப? போனில் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் பாலைவனத்தில் டயரின் காற்றை இறக்கிவிட்டு ஜாலியாக ஓட்டுகிறார். அது மணல். நம்ம மண் மணலா, பசையல்லவா? இன்னொரு வீடியோவில் ப்ளஸ் நாற்பது, ஜீரோ, மைனஸ் பத்து என்று மூன்று வீலை வரிசையாக வைத்துக் காட்டினார்கள். மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. சாப்பிடும்போதுகூட இதே பேச்சு. மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, “முடிவா எதத்தான் வாங்கப் போறீங்க?” என்று கேட்டாள். “அது தெரிஞ்சா நான் எதுக்கு இப்படி முழிக்கேன்?” என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் நேரில் நின்று பேசியவர்தான் ஜெயித்தார். பதினாறு இன்ச் வீல், ஆப்செட் மைனஸ் பத்து, டயர் 245/75. மாட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டேன்.

“வண்டி எவ்வளவு உசரும்?”

“டயரு மூணு இன்ச் கூடுது. வண்டி ஒன்றரை இன்ச்தான் உசரும்.”

“மூணு கூடுனா ஒன்றரை எப்படி?”

“சக்கரத்துல பாதி மேல, பாதி கீழல்லா அண்ணாச்சி?”

அதுவும் சரியாக விளங்கவில்லை. ஒன்றரை இன்ச்தானே, போட்டுத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி பார்க்க அவ்வளவு அம்சமாக இருந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி நாலு தடவை சுற்றி வந்தேன். மனைவியும் நின்று பார்த்தாள். “நல்லாருக்கு” என்றாள். மறுநாள் காலையில், “நான் பஸ்ல போறேன், நூல் வாங்கணும்” என்றாள். அதற்கடுத்த நாள், பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு வருகிறாள் என்றாள். மூன்றாம் நாள் காரணமே சொல்லவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் நல்ல மழை. போன வருடம் மாட்டிக்கொண்ட அதே பாதையில் வேண்டுமென்றே வண்டியை இறக்கினேன். உறுமிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது! மைனஸோ ப்ளஸோ, ஏறிவிட்டதே! சந்தோஷம் தாங்கவில்லை. அங்கிருந்தே தங்கை மாப்பிள்ளைக்கும் டயர்க்கடைக்கும் போன் போட்டு ஒரு பாட்டம் பீற்றிக்கொண்டேன். சக்கரம் வெளியே துருத்தியதால் கதவு முழுக்கச் சேறு, அது வேறு விஷயம். சாயங்காலம் மனைவி பஸ்ஸிலிருந்து நனைந்து இறங்கி வந்தாள். “ஏட்டி, வண்டி சும்மா நிக்கும்போது பஸ் என்ன பஸ்?” என்று சத்தம் போட்டேன். அவள் தலையைத் துவட்டப் போனாள்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. செலவு செய்தது பிடிக்கவில்லையா? அன்று எரிந்து விழுந்ததை மனதில் வைத்திருக்கிறாளா? கதவில் இருக்கும் சேறு சேலையில் படும் என்றா? வண்டியைக் கழுவி வைத்தேன். அப்படியும் பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் சொந்தக்காரர் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. இரண்டு பேரும் போயே ஆக வேண்டும். நான் ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் பட்டுச்சேலையில் வந்தாள். ஊன்றுகோலை உள்ளே போட்டாள், திரும்பினாள், எம்பினாள். சீட்டு அவளுக்குக் கீழே வரவில்லை, முதுகில் இடித்தது. மறுபடியும் எம்பினாள். விளிம்பில் பட்டு வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் உச்சந்தலையில் அடித்தது. ஓடிப்போய்த் தூக்கக் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க.”

கையை எடுத்துக்கொண்டேன்.

“பதினேழு வருசமா இந்த வண்டியில ஏறுதேன். ஒருநாளாவது உங்களத் தூக்க விட்டிருக்கேனா?”

“ஒரு படி வச்சிருவோமா?” என்றேன்.

“முதுகக் காட்டிக்கிட்டு எந்தக் காலால படி ஏற?”

அன்று பால்காய்ப்புக்கு நான் மட்டும் போனேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளாகவே பேசினாள். வண்டி புதிதாக வந்து நின்ற அன்று, நான் டீ குடிக்கப் போன நேரத்தில், தையல் டேப்பை வைத்துத் தரையிலிருந்து சீட்டு வரைக்கும் அளந்திருக்கிறாள்.

“முப்பத்தொன்னரை இன்ச் இருக்கு. எனக்கு முப்பதுதான் எட்டும்.”

“அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“வண்டியச் சுத்திச் சுத்தி வந்தீங்களே, அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?”

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஊரில் இருக்கிறவனையெல்லாம் கேட்டேன், போனைக் கேட்டேன், பாலைவனத்துக்காரனைக் கேட்டேன். தினம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவளைக் கேட்கவில்லை.

மறுநாள் டயர்க்கடை அண்ணாச்சிக்கு நம்பவே முடியவில்லை. “சேத்துல ஏறிருச்சுன்னு நீங்கதான போன் போட்டீங்க? இப்ப கழட்டுங்கீங்க?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி கால்குலேட்டரை எடுத்து, மில்லிமீட்டரையும் சதவீதத்தையும் இன்ச்சையும் பெருக்கிக் கூட்டி, பழைய டயரின் மொத்த உயரம் 693 மில்லிமீட்டர் என்றார். தேடித் தேடி இன்னொரு சைஸைக் கண்டுபிடித்தார். 225/70 R15. உயரம் 696. கொஞ்சம் அகலம், தரையைக் கவ்வும் பட்டனும் முரட்டுப் பட்டன், வீல் பழைய வீலே.

“மூணு மில்லி கூடுது. வண்டி ஒன்றரை மில்லி உசரும். பரவால்லையா?”

“கரிசலுக்குத் தாங்குமா?”

“அத மழை வந்தாத்தான் சொல்ல முடியும் அண்ணாச்சி.”

மாட்டச் சொன்னேன். ஆப்செட் எனக்கு இன்றைக்கும் புரியாது. கேட்பவர்களிடம் டயர்க்கடைக்குக் கையைக் காட்டிவிடுகிறேன். அடுத்த மழையில் நிச்சயம் எங்கேயாவது சிக்குவேன் என்றுதான் நினைக்கிறேன். சிக்கட்டும்.

மறுநாள் காலையில் அவள் கண் முன்னாலேயே டேப்பை வைத்து அளந்து காட்டினேன். முப்பது இன்ச். சரி என்றாள், திரும்பினாள், உட்கார்ந்தாள், காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போவது நின்றது. ஆனால் முன்பெல்லாம் அவள் சீட்டைப் பார்க்கவே மாட்டாள். ஏதாவது பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது திரும்புவதற்கு முன்னால் பேச்சை நிறுத்துகிறாள். சீட்டின் விளிம்பில் கையை வைத்து, அந்தக் கையைத் தன் இடுப்புக்குக் கொண்டுவந்து ஒத்துப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் பார்க்கிறாள்.