அக்கா அடைவைத்த ஐந்து முட்டைகள்

சூடேறிய தெர்மாகோலும் ஈரத் துணியும் லேசான முட்டைக் கவிச்சியும் கலந்த ஒரு வாடை, எங்கள் தென்காசி வீட்டின் பின்னறையில் ஒரு மாதம் முழுக்க நிறைந்திருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ப்ளஸ் டூ முடித்திருந்த செல்வி அக்கா, திருநெல்வேலியில் தங்கிக் கோழி வளர்ப்பு டிப்ளமோ படிக்க ஆசைப்பட்டு, விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அப்பா குற்றாலத்தில் ஒரு பங்களாவில் காவல் வேலை பார்த்தார். அங்கே அப்போதுதான் அடையில் உட்கார்ந்த "கூஸ்" என்கிற பெரிய சீமை வாத்தை நாய் கடித்துக் கொன்றுவிட, அதன் ஐந்து முட்டைகளையும் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தார். "இதைப் பொரிக்க வச்சுக் காட்டு பாப்போம். அப்புறம் படிப்பப் பத்திப் பேசுவோம்."

அக்கா தெர்மாகோல் பெட்டிக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, முட்டைகளின் ஒரு பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, தினமும் தவறாமல் திருப்பி வைத்தாள். இருபத்தொன்பதாம் நாள் ஒரு முட்டையில் சிறு விரிசல் விழுந்து, உள்ளிருந்து குஞ்சு கத்துவது கேட்டது.

மறுநாள் காலை அம்மாவோடு சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா சொன்னாள்: "ஏட்டி, மூடியத் தொட்டிராத. அதுவா வெளிய வரும்."

அவர்கள் பஸ் ஏறுவதற்குள் நான் மூடியைத் திறந்துவிட்டேன். கத்தல் நின்றுபோயிருந்தது, செத்துவிடுமோ என்று பயந்து ஓட்டை உரித்தேன். இரத்தம் கசிந்தது. உரிக்க உரிக்க அதிகமாக வந்தது. பெட்டியை மூடாமல் அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போனேன். ஊரெல்லாம் தேடி வந்து அனுபவிக்கும் சாரல் காற்று, ஜன்னல் வழியாக அன்று பகல் முழுக்க அந்த முட்டைகள்மேல் வீசியது.

அக்காவும் அம்மாவும் திரும்பி வந்தபோது நான் உரித்த குஞ்சு செத்துக் கிடந்தது. குளிர்ந்துபோன மற்ற நான்கில் ஒன்று மட்டும் மறுநாள் பொரித்தது.

நான் உரித்த அன்றே சாயங்காலம் அப்பா கேட்டபோது, "அக்காதான் போறதுக்கு முன்ன உரிச்சுப் பாத்தா, மூடாமப் போயிட்டா" என்றேன்.

"நான் இல்லப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள் அக்கா.

"அஞ்சு முட்டையப் பாக்கத் தெரியல, இவ திருநவேலிக்குப் படிக்கப் போறாளாம்!"

விண்ணப்பம் அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தினமும் காலையில் சொல்லிவிட நினைப்பேன். அப்பாவின் பெல்ட்டைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன். ஒன்பது நாளும் போயின. ஆவணியில் அக்காவை ராயகிரியில் கட்டிக் கொடுத்தார்கள். அவள் பின்னாலேயே திரிந்த குஞ்சு வாசலில் நின்று ஓயாமல் கத்த, அப்பா அதைப் பங்களாவுக்கே கொண்டுபோய் விட்டார்.

இப்போது அப்பா இல்லை. வீட்டை விற்றாயிற்று, பின்னறை இருந்த இடத்தில் சீசனுக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. போன மாதம்தான் ராயகிரிக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ட்டி. ஒன் நகத்துல ரத்தம் இருந்துச்சு."

"அப்பாகிட்ட ஏங்க்கா சொல்லல?"

"நான் இல்லன்னுதான் சொன்னேனே, நம்புனாரா? நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு." சேலையை நாலாக மடித்தாள். "இப்ப எதுக்குச் சொல்லுத? ஒம் மனசு லேசாகவா?"

துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எப்போது போனாலும் சாப்பிடாமல் விடமாட்டாள். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழுந்தபோது, சரி என்று மட்டும் சொன்னாள்.