முனிக்கு விட்ட சேவல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எதற்குள்ளும் கேட்காமல் நுழையும் உரிமை ஒரு சேவலுக்கு மட்டும்தான் இருந்தது. எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, நான் பிழைத்தால் காவல் சாமி முனிக்குக் கொடுப்பதாக என் வீட்டுக்காரர் நேர்ந்துவிட்ட சேவல் அது. சாமி சேவலை யாரும் விரட்ட மாட்டார்கள். எங்கள் லயத்தில் சோறு, சரிவில் கீழே இருந்த பணிய லயத்தில் ரொட்டித் துண்டு என்று எல்லா அடுப்படியிலும் அதற்குப் பங்கு உண்டு.

போன வருஷம் பணிய லயத்துக் கோழிகள் திடீரென்று சாகத் தொடங்கின. நோர்வூட்டிலிருந்து வந்த மிருக வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன். பரிசோதனை முடிவு வரும்வரை பறவைக் காய்ச்சல் என்றே நினைத்து நடக்க வேண்டும். கோழிகளை அடைத்து வைக்க வேண்டும். சீக்குக் கோழியை அறுக்கக் கூடாது. செத்ததை ஓடையில் வீசாமல் அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

கொழுந்து வேலையை விட்டபின் எனக்கென்று இருந்தவை என் கோழிகள்தான். ஒன்றைக்கூடச் சாக விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். கூண்டுக்கு வலை அடித்தேன். வாசலில் குளோரின் தண்ணீர் வைத்து, கால் நனைக்காமல் யாரையும் உள்ளே விடவில்லை.

எல்லோரும் அடைத்தார்கள். சாமி சேவல் மட்டும் பணிய லயத்துக் குப்பையைக் கிளறிவிட்டு, என் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து ஜம்மென்று நின்றது.

"அதையும் அடைக்கணுங்க," என்றேன்.

"சாமிக்கு விட்டத அடைச்சா குத்தமாயிரும். ஒனக்குத்தான் ஏதாச்சும் ஆகும்," என்றார் வீட்டுக்காரர்.

"என் உசுருக்குத்தானே நேந்தீங்க? குத்தமும் எனக்கே வரட்டும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. கைகளில் பொலித்தீன் பையைச் சுற்றி, மூக்கையும் வாயையும் மூடிக்கட்டி, பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துச் சேவலைப் பிடித்தேன். லயமே நின்று வேடிக்கை பார்த்தது. ஒருவரும் ஒத்தாசைக்கு வரவில்லை. என் கோழிகளுக்கு எட்டாத தூரத்தில், மரக்கறித் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், ஒரு பெட்டியில் அடைத்தேன்.

மறுநாளே அது இரை எடுக்கவில்லை. கொண்டை கறுத்து, கழுத்து தொங்கி, செத்துப்போனது. வைத்தியர் வந்து பையில் போட்டு எடுத்துப்போனார். பெட்டியையும் கூடையையும் எரித்துச் சுண்ணாம்பு தூவும்போது எனக்கு அழுகை வந்தது. என் உயிருக்கு ஈடாக விட்ட சேவல் அல்லவா, அழுதேன். அந்தப் பக்கம் என் கோழிகள் தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன.

சுண்ணாம்பு தூவிய இடத்தில் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலுக்கு வந்து, "சாமியே எடுத்துக்கிட்டாரு," என்றார்.

"எடுத்துக்கட்டுங்க. நீங்க ரெண்டு காலையும் நல்லா நனைச்சிட்டு உள்ள வாங்க."