ரத்தக்காட்டேரிக்காகக் கடை மூடிய நாள்

ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் தவிர சித்தியின் தையல் கடை மூடிக் கிடந்து நான் பார்த்ததில்லை. அதை ஒரு வியாழக்கிழமை முழுக்க மூட வைத்தவன் ஒரு ரத்தக்காட்டேரிப் பையன். அவனைக் கடைக்குள் கூட்டி வந்தவள் நான்தான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு டூட்டி முடியும்வரை நான் மார்த்தாண்டத்தில் சித்தியின் கடையில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேம்பாலம் வருவதற்கு முந்தைய மார்த்தாண்டம். ஜங்ஷனில் பஸ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் கடை. மூன்று மெஷின்கள். ஒன்றில் சித்தி, இன்னொன்றில் ஸெலின் அக்கா, ஜன்னலோரம் தேங்காப்பட்டணத்திலிருந்து வரும் ரஹ்மத் அக்கா. நான் வெட்டுத்துணி மூட்டையின்மேல் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன்.

துபாயிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகள் திரும்பிப் போகும்போது பெட்டியில் எடை கூடிவிட்டதென்று இரண்டு தடித்த இங்கிலீஷ் நாவல்களை எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போனாள். கறுப்பு அட்டை, அதில் ஒரு வெளுத்த பையனின் பாதி முகம். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள் என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். நாலு பக்கம் தாண்டியதும் அகராதி எங்கே போனது என்று தெரியவில்லை.

குளிர்தேசத்தில் ஒரு துறைமுக ஊர். அங்கே கலங்கரை விளக்கில் விளக்கேற்றும் பையன் வெயிலில் வெளியே வரமாட்டான். பார்க்கப் பதினெட்டு வயது, உண்மையில் முந்நூறு. அவனைத் தேடி ஒரு பள்ளிக்கூடப் பெண் தினமும் படியேறிப் போகிறாள். ஊரில் அவளையே நினைத்துக்கொண்டிருக்கும் இன்னொருவனும் இருக்கிறான், ரொட்டிக்கடைக்காரரின் மகன். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஒரு சாயங்காலம் ஸெலின் அக்காவிடம் வாயைத் திறந்துவிட்டேன்.

அவள் முதலில் நம்பவில்லை. “நம்ம பக்கத்துல ரெத்தம் குடிக்கது யட்சியில்லா? பொம்பளையாக்கும். இவன் என்னட்டி, ஆம்பளப்பய?” என்றாள். ஆனால் மறுநாள் நான் பையைக் கழற்றுவதற்குள் அவன் அவளைக் கடித்தானா இல்லையா என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் புத்தகத்தை மடியில் வைத்து, ஒரு பக்கத்தைக் கண்ணால் வாசித்து, வாயால் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். தெரியாத வார்த்தை வந்தால் தாண்டிவிடுவேன். முத்தமிடும் இடம் வந்தால், “அப்புறம் அவங்க கொஞ்ச நேரம் பேசிட்டிருந்தாங்க” என்பேன். அந்தப் புத்தகத்தில் அவர்கள் மிக அதிகமாகப் பேசினார்கள். அக்காமார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருமுவார்கள்.

சீக்கிரமே கடை இரண்டு கட்சியானது. ஸெலின் அக்கா காட்டேரிக் கட்சி. முந்நூறு வருஷமாக ஒருத்தியையும் ஏறெடுத்துப் பார்க்காமல் இருந்தவனை வேறெங்கே தேடுவது என்பது அவள் வாதம். ரஹ்மத் அக்கா ரொட்டிக்கடைக் கட்சி. பகலில் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக முடியாதவனை வைத்து என்ன செய்ய என்று கேட்பாள். சரியாக அந்நேரம் கீழே பேக்கரியில் அடுப்பிலிருந்து தட்டை இழுப்பார்கள், மணம் மாடியேறி வந்து அவள் கட்சிக்கு வலுச் சேர்க்கும். காட்டேரி முதன்முதலாகப் பல்லைக் காட்டிய அன்று ஸெலின் அக்கா ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸில் இடதுகையை வலதுபக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அளவு கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுத்த பிறகும் எழுந்து போகவில்லை. சர்ச்சில் பெண்கள் ஐக்கியம் என்ற சங்கத்தை நடத்தும் ஒரு டீச்சர், சின்னப் பிள்ளை பிசாசுக் கதை வாசிப்பதைக் கண்டிக்கவென்றே படியேறி வந்தார். அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா என்று மட்டும் விசாரித்தார்.

சித்தி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவள் பேசவே மாட்டாள். கேட்கிறாளா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். அம்மாவுக்கு அடுத்தவளான அவளுக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

இரண்டாம் பாகத்தின் கடைசியில்தான் வில்லங்கம் வந்தது. தனக்கு வயது ஏறிக்கொண்டே போகும், அவன் பதினெட்டிலேயே நிற்பான் என்பது திடீரென்று அந்தப் பெண்ணுக்கு உறைக்கிறது. நாளைக்கு ஊரார் உன்னை என் தம்பி என்பார்கள், பிறகு மகன் என்பார்கள், போய்விடு என்கிறாள். அவன் படகில் ஏறுகிறான். புத்தகம் முடிந்துவிட்டது.

மெஷின்கள் மூன்றும் நின்றிருந்தன. முதலில் பேசியவள் சித்தி.

“அவன் என்ன சொன்னான் மக்களே?”

“ஒண்ணும் சொல்லல்ல சித்தி. படகுல ஏறிட்டான்.”

“திரும்பிப் பாத்தானா?”

அது எழுதியிருக்கவில்லை. அடுத்த பாகத்தில் இருக்கும் என்றேன். அடுத்த பாகம் துபாய் அக்காவிடமும் இல்லை என்று போனில் தெரிந்தது. அதன்பின் கடையில் வேலை ஓடவில்லை. ஸெலின் அக்கா அவன் வருவான் என்று பந்தயம் கட்டினாள். ரஹ்மத் அக்கா, போனவன் போகட்டும், ரொட்டிக்கடைப் பையனைக் கட்டிவைத்துவிடலாம் என்றாள். மூன்றாம் நாள் சித்தி, திருவனந்தபுரத்தில் ஜிப்பும் நூலும் மலிவு, காலாண்டு லீவில் பிள்ளையும் சும்மாதானே இருக்கிறாள், எல்லாரும் ஒருநடை போய்வரலாம் என்றாள். மார்த்தாண்டத்தில் ஜிப்புக்குப் பஞ்சமே கிடையாது. அக்காமார் இருவரும் உடனே சரி என்றார்கள்.

வியாழக்கிழமை காலை குழித்துறையில் பாசஞ்சர் ஏறினோம். இறங்கியதும் நேராகப் புத்தகக் கடை. உள்ளே கல்லூரிப் பெண்கள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். வெளுத்த பையன் படம் போட்ட புத்தகங்களை மேசை நிறைய அடுக்கியிருந்த இடத்தில் வெறும் மேசைதான் மிச்சமிருந்தது. கடைசிப் பிரதியை ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை முட்டியது. ஸெலின் அக்கா போய் அவள் முன்னால் நின்று, பாதி மலையாளமும் பாதி எங்கள் ஊர்த் தமிழுமாக நிலைமையை விளக்கினாள். அந்தப் பெண் கேட்ட ஒரே கேள்வி, “சேச்சி ஏது பக்ஷமா?”

“காட்டேரி பக்ஷம்” என்றாள் ஸெலின் அக்கா, சாட்சிக்கூண்டில் நிற்பவள்போல.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு பேர் ஒரே புத்தகத்துக்காக ரயிலேறி வந்திருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. தோழியிடம் இரவல் வாங்கிக்கொள்கிறேன் என்று புத்தகத்தை என் கையில் வைத்தாள். ரஹ்மத் அக்கா அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தது பெரிய தியாகம். ஜிப்பை எல்லாரும் மறந்துவிட்டோம்.

மத்தியானத்து வண்டியில் உட்கார்ந்ததும் பிரித்தேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது. சக்கரச் சத்தத்துக்கு மேலே கத்தி வாசித்ததில், பாலராமபுரத்தில் ஏறிய கைத்தறிக்காரப் பெண்கள் இருவர் மூட்டையோடு நெருங்கி வந்துவிட்டார்கள். நெய்யாற்றின்கரை தாண்டும்போது ரொட்டிக்கடைப் பையன் மோதிரத்தை நீட்டினான். ரஹ்மத் அக்கா என் தோளைப் பிடித்து நசுக்கினாள். அந்தப் பெண் மோதிரத்தை வாங்காமல் கடற்கரைக்கு ஓடுகிறாள். தூரத்தில் படகு. அவள் நின்று, வாயைத் திறந்து...

அங்கே ஒரு வரி. ஆறேழு அரைப்புள்ளிகளோடு பாதிப் பக்கத்துக்கு நீண்ட வரி. எனக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. பிறகு வளர்ந்து வாசித்தபோது, அது கடல்மேல் படிந்திருந்த மூடுபனியைப் பற்றியது என்று கண்டேன். ஆனால் அன்றைக்கு ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாண்டிப்போக வழியில்லை. எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்ததைச் சொன்னேன்.

“போன்னு சொன்னது நான்தான். அப்ப வான்னு சொல்லவும் நான்தான் வேணும்.”

ஸெலின் அக்கா கைதட்டினாள். கைத்தறிக்காரப் பெண் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சித்தி மட்டும் என் பக்கம் குனிந்து, “அப்பிடியா எழுதியிருக்கு?” என்று மெல்லக் கேட்டாள்.

ஆமாம் என்றேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போய்விட்டாள். பாறசாலையில் வண்டி நின்று கிளம்பியது. அவள் கம்பியைப் பிடித்தபடி, காற்றில் முடி பறக்க, போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். முகம் சிவந்திருந்தது. படகு திரும்புகிற நேரத்தில் இப்படி எழுந்து போகிறாளே, இவளுக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குக் கோபம். குழித்துறை வரும்வரை அவள் திரும்பி வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். இரணியல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் என்றார்கள். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் பென்சில். அவர் சித்தியைவிட வயதில் இளையவர் என்பதும், முன்பொருமுறை பெண் கேட்டு வந்தவரை ஊர் என்ன சொல்லுமோ என்று சித்தியே திருப்பி அனுப்பிவிட்டாள் என்பதும், ஜனவரியில் கோயிலில் கல்யாணம் முடிந்து வெகுகாலம் கழித்து அம்மா சொல்லி நான் அறிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் கையில் கறுப்பு அட்டை போட்ட நான்காம் பாகம் இருந்தது. திருவனந்தபுரம் போய் வாங்கி வந்தாராம். எனக்காக.

காட்டேரிக்கு எங்கள் ஊரிலேயே ஒரு ஆண் வாசகர். நான் துள்ளிக்கொண்டு, மூன்று பாகமும் வாசித்துவிட்டாரா என்று கேட்டேன்.

“ஒண்ணும் வாசிக்கல்ல மக்களே” என்றார். “ஒரே ஒரு வரி கேட்டிருக்கேன். அதும் போன்ல.”

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய கதையில் ஒரே ஒரு வரி. அவரை வெட்டுத்துணி மூட்டையின்மேல் உட்காரவைத்து, குளிர்தேசத்தில் ஒரு துறைமுக ஊர் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மெஷின்களில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அக்காமார் இருவரும் குலுங்கினார்கள். சித்தி ஊசியில் நூல் கோக்கிறேன் என்று ரொம்ப நேரமாக எதையும் கோக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தி நிறுத்தி அவர்களை முறைத்தேன். கதையில் இன்னும் அவன் வரவேயில்லை. அதற்குள் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவேயில்லை.