காம்பவுண்டு ஓரத்து அறை

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் யாருக்கும் ஒரு சென்ட் வயல் கிடையாது. ஆனாலும் அறுப்பின் பண்டிகையை விடமாட்டோம். மார்க்கெட்டில் வாங்கிய கரும்பைத் தூணில் கட்டுவோம், மார்க்கெட்டில் வாங்கிய பூசணிக்காயைப் பீடத்தில் வைப்போம், நாங்களே உழுது விளைவித்த மாதிரி கண் கலங்கப் பாடுவோம்.

போன வருஷப் பண்டிகையில் போதகர் மோசேயின் நியாயப்பிரமாணத்தை எடுத்துப் பேசினார். வயலை அறுக்கிறவன் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், அது விதவைக்கும் திக்கற்றவனுக்கும் பரதேசிக்கும் உரியது, அது தர்மம் இல்லை, அவர்கள் பங்கு என்றார். நல்ல பிரசங்கம், பொய் சொல்ல மாட்டேன். ஆமென் சத்தத்தில் கூரை அதிர்ந்தது.

ஆராதனை முடிந்ததும் அதே ஹாலில் சபைக் கூட்டம். மாதாப்பூர் பக்கமிருந்து காரில் வரும் ஐ.டி. குடும்பங்கள் பெருகிவிட்டன, வண்டி நிறுத்த இடமில்லை. அதனால் காம்பவுண்டு மூலையில் இருக்கும் ஒற்றை அறையை இடித்துவிடலாம் என்றார் செயலாளர். அந்த அறையில் எங்கள் கோயில்பிள்ளையின் மனைவி இருந்தார். மணியடித்து, பெஞ்சு துடைத்து, கல்லறைக் குழிவரை பார்த்துக்கொண்ட மனுஷன் செத்துப் போன பிறகு, அவர் வேலையை அந்த அக்காதான் செய்துவந்தார். பிள்ளை இல்லை, போக்கிடமும் இல்லை. அறையை இடிக்கிற பேச்சு நடந்தபோது எங்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்ததும் அவர்தான்.

நான் எழுந்து, "இப்பத்தான ஓரத்தை அறுக்காதேன்னு கேட்டோம்? அவங்க இருக்கிறதே அந்த ஓரத்துலதான்" என்றேன்.

செயலாளர் சிரித்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்கு 'கைக்கு' என்று இந்த ஊர் உருதுதான் வாயில் வரும். "ஹவ் சிஸ்டர், கரெக்ட்தான். ஆனா அது பழைய ஏற்பாடு. வயலுக்குச் சொன்னது. நமக்கு வயலா இருக்கு? கைக்கு டென்ஷன் ஆவுறீங்க?"

"சம்பளத்துல பத்துல ஒண்ணு கொடுக்கிற தசமபாகமும் பழைய ஏற்பாடுதான். அதை மட்டும் ஏன் விடாம கேக்குறீங்க?"

போதகரைப் பார்த்தேன். "ஜெபத்தில் வைப்போம்மா" என்றார். எங்கள் சபையில் ஒரு காரியத்தை ஜெபத்தில் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதை எதிர்த்துப் பேச மாட்டார்கள். எல்லோரும் கண்ணை மூடினோம். திறந்தபோது தீர்மானம் நிறைவேறியிருந்தது. என் வீட்டில் ஒரு அறை கொடுக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "எம்புட்டு நாளுக்கும்மா?" என்று கேட்டு மறுத்துவிட்டார். மாதாப்பூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் பெருக்கித் துடைக்கும் வேலை கிடைத்தது. படுக்கை மாடிப்படிக்கு அடியில்.

போகும்முன் மாதர் சங்கம் அவருக்கு வழியனுப்பு விழா வைத்தது. பொன்னாடை போர்த்தி, கண்ணாடி போட்ட பெரிய வசனப் படம் ஒன்றைக் கொடுத்தார்கள். தேவன் நமக்கு அடைக்கலமானவர் என்கிற வசனம், தங்க எழுத்தில். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் கிண்டலுக்குச் செய்யவில்லை. அன்பாகத்தான் செய்தார்கள். அதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் ஏறும்போது படத்தை என்னிடம் நீட்டினார். "படிக்கு அடியில ஆணி அடிக்கச் சுவரு கிடையாதும்மா. ஒடஞ்சு போவும். நீங்க வச்சுக்கிடுதியளா?"

என் வீட்டில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. அறையை இடித்து சிமெண்ட் போட்டு முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு போனேன். கார்களுக்கு நேரே, காம்பவுண்டுச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டினேன். யாருக்காவது உறைக்கட்டும், யாராவது வந்து சண்டை போடட்டும் என்று அங்கேயே நின்றேன்.

செயலாளர் காரைப் பூட்டிவிட்டு வந்தார். நிமிர்ந்து பார்த்து வசனத்தை மெதுவாக வாசித்தார்.

"ரொம்ப நல்லாருக்கு சிஸ்டர்," என்றார். "இந்தச் சுவரு காலியாவே கிடந்துச்சு."