கேன் சொல்லிப் பழகிய வாய்

எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. ரவாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டே பாக்கெட் அடுக்குகிறேன். வேலை நேரத்தில் உட்காரும் உரிமை அங்கே சூப்பர்வைசருக்கு மட்டும்தான். அந்த இடம் காலியானபோது என்னை முந்திக்கொண்டு என் முட்டிகள் இரண்டும் மனுப்போட்டுவிட்டன. ஒரே இடைஞ்சல், புதிதாக வந்த மேனேஜர். அவருக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நேர்காணல் ஆங்கிலத்தில்தான்.

அதனால் அசாம் ஜாவாவில், எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடந்த ஆங்கில வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். "நாப்பத்தெட்டு வயசுல பள்ளிக்கூடமா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரிப்புக்கெல்லாம் பயந்திருந்தால் நான் கல்யாணத்தன்றே அம்மா வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

டீச்சர், கோலா குபு பாருவிலிருந்து கார் ஓட்டி வரும் சின்னப் பெண். மூன்றாவது வாரம் பலகையில் 'கேன்' என்று எழுதி, 'முடியும்' என்று பொருள் சொன்னார். மண்டபமே சிரித்தது. இதெல்லாம் ஒரு பாடமா? எங்கள் ஊரில் குழந்தைகள் 'அம்மா' சொல்வதற்கு முன்பே 'கேன் லா' சொல்லிவிடும்.

"சரி, உங்களால முடிஞ்சது மூணு, முடியாதது மூணு, ஆளாளுக்குச் சொல்லுங்க," என்றார் டீச்சர்.

முடிந்ததை எல்லாரும் மடமடவென்று சொன்னோம். "ஐ கேன் குக், ஐ கேன் சிங், ஐ கேன் ஸ்விம்," என்றேன் நான். முடியாதது என்று வந்ததும் எல்லாரும் நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தோம்.

"அக்கா, நெசமாவே நீந்துவீங்களா?"

"இல்ல டீச்சர்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"நீங்க கேட்டீங்கல்ல! கேக்குறவங்ககிட்ட முடியாதுன்னு எப்படி டீச்சர் சொல்றது?"

அவருக்குப் புரியவில்லை. அவர் லயத்தில் பிறந்தவர் இல்லை. ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் நான் வளர்ந்த காலத்தில், முடியாது என்று சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. வேலை போனால் வீடும் போகும். ஒருமுறை தோட்டத்துத் துரையின் பங்களாவில் பாம்பு புகுந்துவிட்டது. பிடிக்க முடியுமா என்று துரை கேட்டார். மண்புழுவைக் கண்டாலே நடுங்கும் என் அப்பா, "கேன், சார்!" என்றார். குளியலறை வாசலில் கம்பும் கையுமாகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பாம்பு தானாகவே வெளியே போன பிறகும் நெடுநேரம் அப்படியே நின்றார். அன்று முதல் தோட்டத்துப் பாம்புகள் எல்லாம் அப்பாவின் பொறுப்பாகிவிட்டன.

அந்த அப்பாவின் மகள்தானே நான். நேர்காணலில் மேனேஜர் கேட்டுக்கொண்டே போனார். ரிப்போர்ட் எழுத முடியுமா? "கேன், சார்." கம்ப்யூட்டர்? "கேன், சார்." ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியுமா? "கேன், சார்!" அவர் முகம் மலர்ந்தது. வா, ஓட்டிக் காட்டு என்று எழுந்து கிடங்குக்கு நடந்தார்.

ஏறி உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் நான் உட்கார்ந்த முதல் இருக்கை அதுதான். சுகமாகத்தான் இருந்தது. எதிரே ஆளுயரத்துக்குப் பிஸ்கட் பெட்டிகள், பக்கத்தில் மேனேஜர். சாவியில் கை வைத்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்ற கோலம் நினைவுக்கு வந்தது.

"சார், ஐ கேனாட்," என்றேன். ஒருமுறை சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. "ஐ கேனாட் டிரைவ். ஐ கேனாட் கம்ப்யூட்டர். ஐ கேனாட் ஸ்விம்!"

நீச்சலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

மேனேஜர் வண்டிச் சாவியை உருவிக்கொண்டார். பிறகு சுவரைக் காட்டினார். எனக்கு முன்னால் நேர்காணலுக்கு வந்தவர் 'கேன்' சொல்லி வண்டியை ஓட்டிக் காட்டிய இடத்தில் பெரிய ஓட்டை இருந்தது. சரி, உன்னால் என்னதான் முடியும் என்று கேட்டார். மெஷின் சிக்கப்போவதை அதன் சத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் சொன்னேன். அது பொய்யில்லை. மூன்று மாதம் பார்க்கலாம் என்று நாற்காலியைக் கொடுத்தார்.

முதல் வாரமே பெரிய ஆர்டர் வந்தது. நாலு மணிக்குள் முடியுமா என்று மேனேஜர் ஆள் அனுப்பினார். நான் பாக்கெட் அடுக்கும் பெண்களைப் பார்த்துக் கேட்டேன்.

"கேன், அக்கா!" பத்துப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்குச் சந்தேகமாக இருந்தது. "அப்படியே ஆத்துல நீந்தவும் முடியுமாடி?"

"கேன், அக்கா!"

நாற்காலியை விட்டு எழுந்தேன். மூன்று மாதத் தவணையில் ஐந்து நாள்தான் ஓடியிருந்தது. போனால் திரும்ப நிற்க வேண்டியதுதான். மேனேஜர் அறைக்குள் போய், "சார், ஃபோர் ஓ க்ளாக், வீ கேனாட். சிக்ஸ், கேன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஆர்டர் தாளில் நாலை அடித்து ஆறு என்று எழுதினார். அவ்வளவுதான். அத்தனை சுலபமாக இருந்தது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பாம்பு போன பிறகும் கண்ணைத் திறக்காமல் நின்ற அப்பாவை நினைத்து அழுகை வந்துவிட்டது. ஏன் அக்கா அழுறீங்க என்று பெண்கள் கேட்டார்கள். முட்டி வலி என்றேன்.