தோற்ற கொள்கைகளுக்கும் மேசை போட்ட பகவதி அக்கா

கழக்கூட்டம் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தபோது நம் அலுவலக ஷீஜா அழைத்தாள். வண்டிகளின் இரைச்சலில் முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. பிறகு, "நம்ம பகவதி அக்கா போயிட்டாங்க, கேட்டோ. காலையில குளிக்கப் போனவங்க குளிமுறியில விழுந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாலயே..." என்றாள். சிக்னல் பச்சையானது. எங்கே போகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் நம் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பிள்ளை தூங்கட்டும், தூங்கட்டும் என்று தள்ளிப்போட்டதில் நான்தான் கடைசி.

பள்ளிகளுக்கான அறிவியல் மாதிரிகளைச் செய்து, வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டும் நம் சின்ன அலுவலகத்தில் நிலவியல் படித்தவர் அக்கா ஒருவர்தான். 'மலைகள் எப்படி எழுந்தன' கண்காட்சி அவருடையது. முதல் மேசையில் இரண்டு பாஷன் ஃப்ரூட் இருக்கும். ஒன்று வழவழப்பாக, மற்றது வாடிச் சுருங்கி. சூடாக இருந்த பூமி குளிர்ந்து சுருங்கியபோது விழுந்த சுருக்கங்களே மலைகள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அடுத்த மேசையில் ஒரு நீளப் பள்ளம். அதில் வண்டல் அடுக்கடுக்காக நிறைந்து, அமிழ்ந்து, பிறகு நசுங்கி மேலெழுந்தது என்றார்கள் பின்னால் வந்தவர்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் ஒரு மேசை உண்டு. கடைசியில்தான், ஒன்றையொன்று முட்டி இமயமலையை உயர்த்திய நிலத்தட்டுகள் வரும்.

வேனில் இடம் போதவில்லை. "தப்புன்னு ஆயிட்ட தியரிக்கு எதுக்கு அக்கா மேசை?" என்று கேட்டேன்.

"தப்பா சொன்னவனும் மலையில ஏறிப் பாத்துட்டுத்தான் பிள்ளே சொன்னான். பாக்காமச் சொன்னவனுக்குத்தான் இங்க மேசை கெடையாது."

ஒவ்வொரு மேசையிலும் இரண்டு அட்டைகள் வைப்பார். 'இவர் எதைப் பார்த்தார்?', 'எதைப் பார்க்கவில்லை?' சுருங்கிய பழத்துக்காரர்கள் பாறைகளின் மடிப்பைப் பார்த்திருந்தார்கள். ஆழ்கடலின் தரையை அன்று யாரும் பார்த்திருக்கவில்லை.

நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு தமிழ்வழிப் பள்ளியில், துண்டை இரண்டு பக்கமும் தள்ளி மடிப்பு எழுவதைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமி ஜன்னல் வழியே தெரிந்த சஹ்யமலையை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டி, "அதுவும் இப்படித்தானா டீச்சர்?" என்றாள். "ஆமா" என்றேன். திரும்பும் வழியில், பாலராமபுரம் வந்த பிறகு, பேச்சோடு பேச்சாக அக்காவிடம் சொன்னேன். உடனே வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். நம் மலை மோதலில் மடிந்து எழுந்ததல்ல; மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தபோது உயர்ந்து நின்ற நிலத்தின் விளிம்பு என்கிறார்கள். அதிலும் வாதம் தீரவில்லை.

"இதெல்லாம் யாரு ஓர்மை வைக்கப் போறா அக்கா?" என்று வேனிலிருந்த ஷீஜா சலித்துக்கொண்டாள்.

"கேட்ட பிள்ளை வைக்கும். இமயமலைக்குத் தைச்ச சட்டையை எல்லா மலைக்கும் மாட்டாதீங்கடீ."

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். என் மகள் தாரிணிக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. "வீட்ல தமிழு, கீழ்வீட்ல மலையாளம், நீ போன்ல இங்கிலீஷு. பிள்ளை எதைத்தான் பேசும்?" என்பார் மாமியார். "நானும் லேட்டாத்தான் பேசினேனாம்" என்பார் கணவர். வேலைக்குப் போகிற நான்தான் காரணம் என்று எனக்குள் தீர்ப்பே எழுதியிருந்தேன்.

ஒருநாள் அவளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்தேன். அவளுக்குப் பின்னால் அக்கா சுத்தியலால் ஒரு கல்லை உடைத்தார். நான் துள்ளிவிட்டேன். அவள் பாட்டுக்கு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா இன்னொரு பக்கம் போய் நின்று மறுபடி அடித்தார். இம்முறை அவர் கண் கல்லில் இல்லை, தாரிணி மேல் இருந்தது.

"உங்க அத்தை எதைப் பாத்தாங்க? உன் வீட்டுக்காரர் எதைப் பாத்தாரு? இவ காதை யாராவது பாத்தீங்களா?"

பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்ததால் அந்தப் பக்கமே யாரும் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "என் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"இல்லேன்னா சந்தோஷம். பாத்துட்டு வந்து என்னைய ஏசு."

ஏச முடியவில்லை. சோதித்துப் பார்த்ததில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகவும் குறைந்திருந்தது. ஏன் என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து, கர்ப்பத்தில் வந்த காய்ச்சல், விழுங்கிய மாத்திரை, கிரகணம் என்று தெரியாமல் வெளியே போனது வரை ஒவ்வொன்றாக அக்காவிடம் சொல்லி அழுதேன். அக்கா முழுவதையும் கேட்டார்.

"காரணம் பொறவு கெடைக்கட்டும், கெடைக்காமலும் போகட்டும். நம்ம சஹ்யமலைக்கே இன்னும் வழக்கு முடியல. அதுக்காக இங்க மழை பெய்யாம இருக்கா? காதுல மெஷினை மாட்டு. பிள்ளைகிட்ட பேசு."

பேச்சுப் பயிற்சிக்குப் போன நாள்களில் என் வேலையையும் அவரே செய்தார். அதை எனக்குச் சொன்னதுகூட ஷீஜாதான். மெல்ல மெல்லத் தாரிணிக்குப் பேச்சு வந்தது.

ஷீஜா அழைத்த அன்று அக்காவை அவர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குழந்தையை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் கூட்டிப்போனேன். யாரும் பேசாமல் நின்ற இடத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி தாரிணி, "பகவதிம்மா ஏன் மிண்டல?" என்றாள். ஏன் பேசவில்லை என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் கேட்கும். அவளை வெளியே தூக்கிப்போக யாரோ கை நீட்டினார்கள். பழைய நானாக இருந்தால் நானும் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அல்லது தூங்குகிறார், சாமியிடம் போயிருக்கிறார் என்று வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லியிருப்பேன்.

அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"பகவதிம்மா இறந்துட்டாங்க. ஏன்னு தெரியல மக்ளே. வா, பக்கத்துல போய்ப் பாப்போம்."

தெரியாது என்று என் பிள்ளையிடம் சொல்ல எனக்கு இப்போது பயமில்லை. அந்தத் தைரியத்தை எனக்குத் தந்தவரின் கால்மாட்டில் இருவரும் நின்றோம்.